ஆப்பிரிக்காவுல ஒருத்தர் எப்படி இன்ஜினியர் ஆகுறாங்க? அடிப்படையில இருந்து ஒரு விளக்கம்

நைஜீரியாவுல ஒரு பொண்ணு அஞ்சு வருஷம் சிவில் படிச்சு பட்டமும் வாங்கிட்டான்னு வைங்க, சட்டப்படி அவ இன்னும் இன்ஜினியர் கிடையாது. டாக்டர்னு போட்டுக்கற மாதிரி அங்க பேருக்கு முன்னாடி இன்ஜினியர்னு போட்டுக்கற பழக்கம் உண்டு, அதை அவ போட்டுக்க முடியாது, ஒரு டிசைன்ல கையெழுத்து போட்டு இதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லவும் முடியாது. அதுக்கு கோரன்னு ஒரு கவுன்சில் இருக்கு, 1970ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது, அங்க பதிவு பண்ணணும். பதிவு பண்ணணும்னா படிப்பு முடிஞ்ச பிறகு சில வருஷம் அனுபவம் உள்ள ஒரு இன்ஜினியர் மேற்பார்வையில வேலை பார்த்திருக்கணும், செஞ்ச வேலையை எல்லாம் ரிப்போர்ட்டா எழுதணும், அப்புறம் இன்டர்வியூ. நம்ம நாட்டுல டாக்டருக்கு கவுன்சில் இருக்கு, வக்கீலுக்கு இருக்கு, ஆர்க்கிடெக்ட்டுக்கு கூட இருக்கு, ஆனா இன்ஜினியருக்கு நாடு முழுக்க செல்லுபடியாகற ஒரு சட்டப்பூர்வ பதிவு கிடையாது, பி.இ. முடிச்சா இன்ஜினியர் தான். அதனால தான் ஆப்பிரிக்க நாடுகளோட சிஸ்டம் முதல்ல பாக்கறப்போ நமக்கு கொஞ்சம் குழப்பமா இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால புரியும். படிப்புக்கும் பதிவுக்கும் நடுவுல வேலை கத்துக்கற அந்த சில வருஷம் இருக்கு பாருங்க, அதுக்கு இடம் கிடைக்காதது தான் அந்த கண்டத்துல தொழில்நுட்பக் கல்வியோட பெரிய பிரச்சனை. காலேஜ் கட்டறது கஷ்டம் தான், ஆனா நிறைய நாடுகள் கட்டிட்டாங்க, வாத்தியார் பத்தலைன்னாலும் லேப் பத்தலைன்னாலும் பசங்க படிச்சு வெளிய வந்துட்டு தான் இருக்காங்க. அவங்களை கூட வச்சு கத்துக்குடுக்கற பேக்டரியும் சைட்டும் சீனியர் இன்ஜினியரும் தான் அந்த அளவுக்கு இல்ல. சஹாராவுக்கு தெற்க மட்டும் சுமார் 60 கோடி பேர் வீட்டுல கரண்ட் இல்லாம இருக்காங்க, அப்படின்னா எலக்ட்ரிக்கல் படிச்சவங்களுக்கு வேலை கொட்டிக்கிடக்கணும் இல்லையா, ஆனா அதே நாடுகள்ல எலக்ட்ரிக்கல் படிச்சுட்டு சும்மா இருக்கறவங்களும் நிறைய. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி உண்மையா இருக்கும்னு தான் இங்க பாக்கப் போறோம்.

முதல்ல ஒண்ணு, ஆப்பிரிக்கான்னா 54 நாடு. பிரிட்டிஷ்காரன் ஆண்ட நாடுகள்ல, அதாவது நைஜீரியா, கானா, கென்யா, தான்சானியா, ஜாம்பியா இந்த மாதிரி இடத்துல, பட்டம் தனி பதிவு தனி. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாடுகள்ல இன்ஜினியர்ங்கற பேரை ஸ்கூலே குடுத்துடும், ஆனா அந்த ஸ்கூலுக்குள்ள நுழையறது தான் பெரும்பாடு. எகிப்துல பிளஸ் டூ மாதிரி ஒரு தேர்வு, தனவியா ஆம்மா, அந்த மார்க்கை வச்சு தான் எல்லாமே, அதுக்கப்புறம் இன்ஜினியரிங் பேக்கல்டில பொதுவா ஒரு ஆயத்த வருஷத்தோட சேர்த்து அஞ்சு வருஷம்.

இன்னொரு அடிப்படை விஷயம், படிநிலை. கோரன் இன்ஜினியரை மட்டும் பதிவு பண்றது இல்ல, இன்ஜினியர், டெக்னாலஜிஸ்ட், டெக்னீசியன், கிராப்ட்ஸ்மேன்னு நாலு படியாவும் பதிவு பண்ணுது. ஒரு ஊருக்கு சப்ஸ்டேஷன் வைக்கறாங்கன்னு எடுத்துக்கோங்க. எவ்வளவு லோடு வரும், எந்த டிரான்ஸ்பார்மர், பால்ட் ஆனா எது முதல்ல ட்ரிப் ஆகணும், இதெல்லாம் கணக்கு போட்டு கையெழுத்து போடறது இன்ஜினியர். அந்த பேப்பரை சைட்டுக்கு கொண்டு போய் அங்க இருக்கற மண்ணுக்கும் கிடைக்கற சாமானுக்கும் ஏத்த மாதிரி ஓட வைக்கறது டெக்னாலஜிஸ்ட். டெஸ்ட் பண்றது, ரிலே செட்டிங் பாக்கறது, மாசா மாசம் மெயின்டனன்ஸ், இது டெக்னீசியன். கேபிள் ஜாயின்ட் போடறது, வெல்டிங், வயரிங், இது கைத்தொழில் தெரிஞ்ச கிராப்ட்ஸ்மேன், ஆர்ட்டிசன்னும் சொல்லுவாங்க. ஒரு இன்ஜினியருக்கு பல டெக்னீசியன் வேணும், அதை விட அதிகமா ஆர்ட்டிசன் வேணும், ஏன்னா டிசைன் எவ்வளவு சரியா இருந்தாலும் கேபிள் ஜாயின்ட்ல ஈரம் இறங்கிடுச்சுன்னா மொத்த ஊரும் இருட்டு. ஆப்பிரிக்காவுல பல நாடுகள்ல கீழ அகலமா மேல குறுகலா இருக்க வேண்டிய இந்த அமைப்பு தலைகீழா போச்சு, மேல பட்டதாரிங்க நிறைய, நடுவுல காலி.

ஏன் இப்படி ஆச்சுன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். உகாண்டால இருக்கற மக்கெரேரே யூனிவர்சிட்டி இன்னிக்கு கிழக்கு ஆப்பிரிக்காவோட பெரிய பேரு, அது 1922ல ஆரம்பிச்சப்போ ஒரு டெக்னிக்கல் ஸ்கூல், 14 பசங்க, சொல்லிக்குடுத்தது தச்சு வேலை, கட்டட வேலை, மெக்கானிக் வேலை. காலனி ஆட்சிக்கு வேண்டியது அவ்வளவு தான், ஓவர்சீயர் இருந்தா போதும், இன்ஜினியர் லண்டன்ல இருந்து கப்பல்ல வருவார். கிழக்கு ஆப்பிரிக்காவுல கைவேலை தெரிஞ்சவங்களை கூட வெளிய இருந்து தான் கொண்டு வந்தாங்க, 1896ல இருந்து 1901 வரைக்கும் மொம்பாசால இருந்து விக்டோரியா ஏரி வரைக்கும் போட்ட ரயில் பாதைக்கு பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்து முப்பதாயிரத்துக்கும் மேல ஆளுங்களை ஒப்பந்தத்துல கூட்டிட்டு போனாங்க, பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஆளுங்க. கொத்தனார், கொல்லர், பிட்டர் எல்லாம் அவங்க. உள்ளூர்க்காரங்களுக்கு அந்த வேலையை கத்துக்குடுக்கணும்னு யாருக்கும் அவசரம் இல்ல.

தென்னாப்பிரிக்காவுல இன்னும் மோசம், அங்க சட்டமே போட்டு தடுத்தாங்க. 1911ல வந்த சுரங்கச் சட்டமும் 1926ல அதுக்கு போட்ட திருத்தமும் திறமை சார்ந்த வேலைக்கான சான்றிதழை கறுப்பின மக்களுக்கு கிடைக்காம பண்ணுச்சு, 1953 பாண்டு கல்விச் சட்டம் அவங்க பிள்ளைங்களுக்கு தனியா, தரம் குறைச்ச படிப்பை வச்சுது. கணக்கும் சயின்ஸும் ஒழுங்கா சொல்லிக்குடுக்காத ஸ்கூல்ல இருந்து இன்ஜினியர் எப்படி வருவான். காங்கோ 1960ல பெல்ஜியத்துக்கிட்ட இருந்து சுதந்திரம் வாங்குனப்போ அவ்வளவு பெரிய நாட்டுல யூனிவர்சிட்டி பட்டம் வாங்குன உள்ளூர்க்காரங்க முப்பது பேருக்கும் கம்மின்னு தான் வரலாற்றுல எழுதறாங்க. ஆப்பிரிக்காவுல ஏன் இன்ஜினியர் கம்மின்னு யாராவது சாதாரணமா கேட்டா எனக்கு கோவம் வரும், இந்த மூணு விஷயத்தையும் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கேக்கணும்.

சுதந்திரம் வந்ததும் எல்லா நாடும் படிப்புல இறங்குனாங்க, அது பெரிய விஷயம். ஆனா இத்தனை வருஷம் நீ கைவேலைக்கு தான் லாயக்குன்னு கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு பையன் பிட்டர் ஆகறதுல என்ன பெருமை இருக்கும், டிகிரி தான் மரியாதைன்னு ஆச்சு. டிப்ளமோ குடுத்துட்டு இருந்த இடங்களும் மெல்ல மெல்ல யூனிவர்சிட்டியா மாறிடுச்சு. கென்யா பாலிடெக்னிக் 2013ல முழு யூனிவர்சிட்டி ஆச்சு, மொம்பாசா பாலிடெக்னிக்கும் அதே வருஷம். கானா 2016ல சட்டம் போட்டு பாலிடெக்னிக்குகளை டெக்னிக்கல் யூனிவர்சிட்டி ஆக்குச்சு. நடுப்படி காலி ஆனதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன், டிகிரி குடுக்க ஆரம்பிச்ச இடம் டெக்னீசியனை உருவாக்கறதுல பழைய கவனத்தை வைக்கறது கஷ்டம்.

இதுல நைஜீரியா கதை தான் எனக்கு ரொம்ப வருத்தம். அங்க ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு ஜாம்ப்ங்கற அரசு தேர்வு வாரியம் நடத்தற நுழைவுத்தேர்வு எழுதி, இங்கிலீஷ் கணக்கு பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி, 400க்கு மார்க், யூனிவர்சிட்டில சேர்ந்து அஞ்சு வருஷம் பி.எங். இன்னொண்ணு பாலிடெக்னிக், ரெண்டு வருஷம் என்.டி.ங்கற தேசிய டிப்ளமோ, அப்புறம் ஒரு வருஷம் வெளிய வேலை, அப்புறம் திரும்ப வந்து ரெண்டு வருஷம் எச்.என்.டி.ங்கற உயர் தேசிய டிப்ளமோ. கூட்டிப் பாருங்க, இதுவும் அஞ்சு வருஷம் தான், அதுலயும் ஒரு முழு வருஷம் கையில வேலை பழகுனது. ஆனா அரசு வேலைல டிகிரிக்காரன் எட்டாவது கிரேடுல நுழைவான், எச்.என்.டி.க்காரன் ஏழாவதுல, பதினாலுக்கு மேல போக முடியாதுன்னு ஒரு தடுப்பு வேற பல வருஷமா இருந்துச்சு. கோரன்ல அவருக்கு டெக்னாலஜிஸ்ட்னு பதிவு, தனியார் கம்பெனி விளம்பரத்துல கூட டிகிரி மட்டும்னு போடுவாங்க. இதை நீக்கணும்னு பார்லிமென்ட்ல பேசிக்கிட்டே இருக்காங்க. யாபா காலேஜ் ஆப் டெக்னாலஜி 1947ல வந்தது, நாட்டோட முதல் உயர்கல்வி நிறுவனமே ஒரு தொழில்நுட்பக் காலேஜ் தான், அப்படிப்பட்ட நாட்டுல பாலிடெக்னிக் பையன் யூனிவர்சிட்டி சீட் கிடைக்காதவன்னு பாக்கப்படறான். டெக்னாலஜிஸ்ட்ங்கறது இன்ஜினியருக்கு ஒரு படி கீழ இருக்கற வேலை இல்ல, அது வேற வேலை, அதை கீழன்னு சம்பளத்துல எழுதி வச்சா அப்புறம் எந்த கெட்டிக்காரப் பையன் அங்க சேருவான்.

சரி இப்போ அந்த நடு விஷயத்துக்கு வருவோம், வேலை கத்துக்கற காலம். நைஜீரியா இதை ரொம்ப முன்னாடியே யோசிச்ச நாடு. 1971ல இன்டஸ்ட்ரியல் டிரெய்னிங் பண்ட்னு ஒண்ணு அமைச்சாங்க, கம்பெனிங்க தங்களோட மொத்த சம்பளச் செலவுல ஒரு சதவீதம் அதுல கட்டணும். 1973ல சிவேஸ்னு ஒரு திட்டம், இன்ஜினியரிங் படிக்கற பசங்க பொதுவா நாலாவது வருஷத்துல ஆறு மாசம் ஏதாவது கம்பெனில போய் வேலை பழகணும், தினமும் லாக்புக் எழுதணும், கம்பெனி சூப்பர்வைசர் கையெழுத்து, காலேஜ்ல இருந்து வர்றவர் கையெழுத்து. பேப்பர்ல பாத்தா அருமையான திட்டம். ஆனா இடம் தேடறது பெரும்பாலும் பையனோட தலைல தான் விழும், அப்பாவுக்கோ மாமாவுக்கோ கம்பெனில ஆள் தெரிஞ்சா நல்ல இடம், இல்லைன்னா ஏதோ ஒரு ஆபீஸ்ல போட்டோகாப்பி எடுத்துக்கிட்டு லாக்புக்கை ரொப்பிட்டு வரணும். அந்த ஊர் பசங்க எல்லாரும் சொல்ற புகார் இது.

தென்னாப்பிரிக்காவுல டெக்னிக்கல் காலேஜ்ல என் போர், என் பைவ், என் சிக்ஸ்னு மூணு கட்டமா தியரி முடிச்சாலும் டிப்ளமோ கைக்கு வராது, அதுக்கு மேல துறைக்கு ஏத்த மாதிரி ஒன்றரை வருஷத்துக்கும் குறையாம வேலை அனுபவம் காட்டணும். அனுபவம் குடுக்க கம்பெனி கிடைக்கலைன்னா பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணியும் டிப்ளமோ இல்லாம வருஷக்கணக்கா உக்காந்திருக்க வேண்டியது தான். அனுபவம் இல்லாம சான்றிதழ் இல்ல, சான்றிதழ் இல்லாம வேலை இல்ல.

கம்பெனிங்க ஏன் எடுக்கறது இல்லன்னு கேட்டா, முதல்ல கம்பெனியே கம்மி. இன்ஜினியர் உருவாகற இடம் பேக்டரியும் பெரிய சைட்டும் தான், இறக்குமதி பண்ணி விக்கற பொருளாதாரத்துல அது குறைவு. ரெண்டாவது, பெரிய ப்ராஜெக்ட் வர்ற விதம். ரோடோ டேமோ பவர் பிளான்ட்டோ, கடன் குடுக்கற நாட்டோட கம்பெனியே காண்ட்ராக்ட் எடுக்கும், டிசைன் அந்த நாட்டு ஆபீஸ்ல நடக்கும், மெஷின் வர்றப்போ அதை நிறுவற ஆளும் கூடவே வருவார். உள்ளூர் இன்ஜினியருக்கு கிடைக்கறது பெரும்பாலும் சைட்ல மேற்பார்வை, இல்லன்னா அரசு தரப்புல பைல் பாக்கற வேலை. 60 கோடி பேருக்கு கரண்ட் வேணும்ங்கறது தேவை, அது வேலையா மாறணும்னா நடுவுல பணம் வேணும், அந்தப் பணம் யார் கையில இருந்து வருதோ வேலையும் பாதிக்கு மேல அங்கயே போயிடுது. மூணாவது, பயிற்சி குடுக்க பதிவு பண்ண சீனியர் இன்ஜினியர் பக்கத்துல இருக்கணும், தலைநகரை விட்டு தள்ளிப் போனா அவங்க கிடைக்கறதே அபூர்வம்.

இதுக்கு தான்சானியா செஞ்ச ஒரு காரியம் எனக்கு ரொம்ப பிடிச்சது. அங்க இன்ஜினியர் பதிவு வாரியமே 2003ல ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சுது, டிகிரி முடிச்சவங்களை மூணு வருஷம் ஒரு கம்பெனிலயோ அரசுத் துறைலயோ சேர்த்து விட்டு, உதவித்தொகை குடுத்து, எந்த காலத்துல என்ன கத்துக்கணும்னு வரிசை போட்டு, மேற்பார்வைக்கு ஒரு சீனியரை வச்சு, முடிச்சதும் பதிவுக்கு தயாரா அனுப்பறாங்க. பொம்பளப் பிள்ளைங்க இதுல பின்தங்கிடக் கூடாதுன்னு நார்வே தனியா பணம் குடுத்து அவங்களுக்குன்னே சேர்த்தாங்க. எல்லாருக்கும் இடம் கிடைக்கற அளவுக்கு பணம் இருக்கறது இல்ல, ஆனாலும் பதிவு குடுக்கற வாரியம் பதிவுக்கு வேண்டிய அனுபவத்துக்கும் தானே வழி பண்ணணும்னு நினைச்சது சரியான எடத்துல கை வச்ச மாதிரி.

கென்யால பிரச்சனை வேற மாதிரி வந்துச்சு. அங்க 2011 சட்டப்படி இன்ஜினியர்ஸ் போர்டு, டிகிரி முடிச்சா கிராஜுவேட் இன்ஜினியர், குறைஞ்சது மூணு வருஷ அனுபவத்துக்கு அப்புறம் ப்ரொபஷனல் இன்ஜினியர். ஆனா போர்டு அங்கீகாரம் குடுக்காத கோர்ஸ்ல படிச்சா முதல் படிலயே ஏத்த மாட்டாங்க. யூனிவர்சிட்டிங்க புதுப்புது கோர்ஸ் ஆரம்பிச்சு பசங்களை சேர்த்துக்கிட்டாங்க, போர்டு லேப் சரியில்ல வாத்தியார் பத்தலைன்னு அங்கீகாரம் மறுத்துச்சு, கோர்ஸை அங்கீகரிக்கற அதிகாரம் யாருக்குன்னு கோர்ட் வரைக்கும் போச்சு, நடுவுல மாட்டிக்கிட்டது பீஸ் கட்டி அஞ்சு வருஷம் படிச்ச பசங்க. போர்டு சொல்ற காரணம் நியாயம் தான், பாலம் விழுந்தா யார் பதில் சொல்றது, ஆனா அதை பசங்க சேர்றதுக்கு முன்னாடி சொல்லணும், முடிச்ச பிறகு இல்ல.

இதெல்லாம் காலேஜ் வாசல் தாண்டுனவங்க கதை. ஆனா ஆப்பிரிக்காவுல தொழில்நுட்பம் கத்துக்கறவங்கள்ல பெரும்பகுதி காலேஜ் பக்கமே போகாதவங்க. நைரோபில கமுகுஞ்சி பக்கம் போனா திறந்தவெளியில தகரம் அடிச்சு பெட்டி, அடுப்பு, சட்டி எல்லாம் செய்வாங்க, ஜுவா காலின்னு சொல்லுவாங்க இந்த தொழிலாளிகளை. கானால குமாசி நகரத்துல சுவாமே மேகசின்னு ஒரு இடம், ஆயிரக்கணக்கான பட்டறைகள், ஐரோப்பால ஓடி முடிச்ச கார், லாரி எல்லாம் இங்க வந்து திரும்ப உயிர் பெறும், இன்ஜின் பிரிச்சு கட்டறவர், ஸ்பிரிங் அடிக்கறவர், பாடி கட்டறவர், பழைய அலுமினியத்தை உருக்கி பானை வார்க்கறவர்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனித்தொழில். பையனை சேர்க்கணும்னா வீட்டுக்காரங்க மாஸ்டருக்கு பணம் குடுத்து சேர்ப்பாங்க, மூணு நாலு வருஷம் கூடவே இருந்து கத்துக்குவான், முடிச்சா மாஸ்டர் விடை குடுத்து அனுப்புவார், அப்புறம் சொந்தப் பட்டறை.

அதே குமாசில தான் 1952ல ஆரம்பிச்ச கே.என்.யூ.எஸ்.டி. யூனிவர்சிட்டி இருக்கு, நாட்டோட முக்கியமான இன்ஜினியரிங் படிப்பு அங்க தான். ஒரே ஊர்ல ஒரு பக்கம் தெர்மோடைனமிக்ஸ் படிக்கறவன், இன்னொரு பக்கம் கண்ணை மூடிக்கிட்டு இன்ஜின் கட்டறவன், ரெண்டு பேரும் சந்திக்கறதே இல்லன்னா எவ்வளவு பெரிய நஷ்டம். அந்த யூனிவர்சிட்டி இதை உணர்ந்து 1972ல டெக்னாலஜி கன்சல்டன்சி சென்டர்னு ஒண்ணு தொடங்குச்சு, 1980ல சுவாமே மேகசின் உள்ளயே ஒரு தொழில்நுட்பப் பரிமாற்ற யூனிட்டை திறந்தாங்க. லேத் மாதிரி மெஷின்களை கொண்டு வந்து வச்சு பட்டறைக்காரங்களுக்கு ஓட்டக் கத்துக்குடுத்தாங்க, கத்துக்கிட்டவங்க செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கி தங்கள் பட்டறைல போட்டுக்க வழி பண்ணாங்க, அதுவரைக்கும் சுத்தியலும் வெல்டிங்கும் மட்டும் வச்சிருந்த ஆளுங்க உதிரி பாகத்தை கடைஞ்செடுக்க ஆரம்பிச்சாங்க. 1987ல இதையே மத்த பகுதிகளுக்கும் கொண்டு போற ஒரு தேசியத் திட்டமும் வந்துச்சு. பட்டறைக்காரரை காலேஜுக்கு கூப்பிடாம காலேஜ் பட்டறைக்குள்ள போனது தான் இதுல சரியான முடிவு, அவர் ஒரு நாள் கடையை மூடுனா அன்னிக்கு வருமானம் போச்சு.

இப்போ கென்யா, கானா மாதிரி பல நாடுகள்ல முன்கற்றலுக்கு அங்கீகாரம்னு ஒண்ணு பேசறாங்க, பத்து வருஷமா வெல்டிங் பண்றவரை ஸ்கூலுக்கு அனுப்பாம அவர் வேலையை நேர்ல பாத்து, சோதிச்சு, சான்றிதழ் குடுக்கறது. பேப்பர் இல்லாததால பெரிய கம்பெனி கேட் உள்ள விடாத ஆளுக்கு இது நிஜமாவே கதவு திறக்கற விஷயம்.

பிரெஞ்சு பேசற நாடுகளைப் பத்தி சுருக்கமா சொல்றேன். பள்ளிக்கூடத்துல பக்கலோரியா முடிச்சு, நல்ல மார்க் இருந்தா ரெண்டு வருஷம் ஆயத்த வகுப்பு, கணக்கும் பிசிக்ஸும் பிழிஞ்சு எடுப்பாங்க, அப்புறம் கான்கூர்னு போட்டித் தேர்வு, ஜெயிச்சா மூணு வருஷம் இன்ஜினியரிங் ஸ்கூல். நம்ம ஜே.இ.இ. மாதிரி தான் ஆனா பிளஸ் டூவுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு. ஐவரி கோஸ்ட்ல யாமுசுக்ரோ, செனகல்ல தியெஸ், இதெல்லாம் பேர் வாங்குன இடம். புர்கினா பாசோ தலைநகர் வாகடூகுல 1968ல 14 நாடுகள் சேர்ந்து தண்ணீர், கிராமப்புற கட்டுமானத்துக்குன்னு ஒரு இன்ஜினியர் ஸ்கூல் வச்சாங்க, ரெண்டே வருஷத்துல டெக்னீசியனுக்கும் தனியா ஒண்ணு வச்சாங்க, இப்போ ரெண்டும் சேர்ந்து 2ஐஇன்னு நடக்குது. வறண்ட ஏழை நாடுகள், தனித்தனியா முடியாததை சேர்ந்து செஞ்சாங்க, டெக்னீசியனையும் மறக்கல.

மொராக்கோ வேற வழில போச்சு. ரெனோ கார் பேக்டரி 2012ல டாஞ்சியர்ல திறந்துச்சு, அதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு பயிற்சி மையத்தை அரசாங்கம் கட்டி நடத்தற பொறுப்பை கம்பெனி கையில குடுத்துடுச்சு. காசாபிளாங்கால விமான உதிரிபாகத் தொழிலுக்கும் அதே மாதிரி, கட்டடமும் பணமும் அரசு, பாடத்திட்டம் தொழில் சங்கம். பேக்டரில இருக்கற மெஷின்லயே பையன் பழகறான், முடிச்ச கையோட வேலை. பேக்டரி வர்ற இடத்துல தான் இது நடக்கும்ங்கறதையும் மறக்கக் கூடாது.

எத்தியோப்பியா 2008ல யூனிவர்சிட்டி சேர்க்கைல 70 சதவீதம் சயின்ஸ், டெக்னாலஜி, மீதி 30 தான் மத்த படிப்புன்னு கொள்கை வச்சாங்க. யூனிவர்சிட்டிங்க நாப்பதுக்கும் மேல ஆச்சு. வேகம் ஆச்சரியமான வேகம், ஆனா வாத்தியாரும் லேபும் அந்த வேகத்துல வரல, தொழிற்சாலையும் வரல, ஊர் ரோட்டுல கல் பதிக்கற வேலைக்கு பட்டதாரிங்க போனாங்க. அதே நாட்டுல தான் நீல நைல் மேல 5,000 மெகாவாட்டுக்கும் மேல திறன் உள்ள பெரிய அணை, 2011ல ஆரம்பிச்சு உள்நாட்டு மக்களோட பத்திரப் பணத்தையும் வச்சு கட்டி முடிச்சாங்க. சொந்தப் பணத்துல நடக்கற வேலைல தான் சொந்த ஆளுங்களுக்கு எவ்வளவு இடம்னு நாம முடிவு பண்ண முடியும். நைஜீரியா 2010ல எண்ணெய்த் துறைக்கு உள்ளூர் பங்கு சட்டம் கொண்டு வந்ததும் இதே நோக்கத்துல தான், இவ்வளவு சதவீதம் இன்ஜினியரிங் வேலை உள்ளூர்ல நடக்கணும், இவ்வளவு பேர் உள்ளூர்க்காரங்க இருக்கணும்னு துறை துறையா எழுதி வச்சிருக்காங்க.

வேலை எங்க கிடைக்குதுன்னு பாத்தா, டெலிகாம் டவர், சோலார், ரோடு, ஜாம்பியாவும் காங்கோவும் சேர்ற செம்புப் பகுதி சுரங்கம், நைஜீரியா அங்கோலா எண்ணெய், அப்புறம் சாப்ட்வேர். எலக்ட்ரிக்கல் முடிச்ச நிறைய பேர் கோடிங் பக்கம் போறதுக்கு ஒரு எளிய காரணம், அங்க பதிவும் வேண்டாம் லாக்புக் கையெழுத்தும் வேண்டாம், வேலை தெரிஞ்சா போதும். இன்னொரு கூட்டம் நாட்டை விட்டே போகுது, நைஜீரியால ஜாப்பான்னு சொல்வாங்க. 2022ல யூனிவர்சிட்டி வாத்தியார்கள் ஸ்ட்ரைக் பிப்ரவரில ஆரம்பிச்சு அக்டோபர் வரைக்கும் எட்டு மாசம் நடந்துச்சு, அஞ்சு வருஷப் படிப்பு இப்படி ஆறு ஏழுன்னு இழுத்தா பையன் வெளிநாட்டைத் தான் பாப்பான், அவனை குறை சொல்ல எனக்கு மனசு வராது.

இந்தியாவுல இருந்தும் இந்தக் கதைக்குள்ள ஒரு கை இருக்கு. லாகோஸ் பக்கத்துல லெக்கில நாளுக்கு 6,50,000 பேரல் சுத்திகரிக்கற டாங்கோட்டே ரிபைனரிக்கு இன்ஜினியரிங் பாத்தது நம்ம இன்ஜினியர்ஸ் இந்தியா லிமிடெட். 2023ல ஐஐடி மெட்ராஸ் தான்சானியாவோட சான்சிபார் தீவுல ஒரு வளாகம் திறந்துச்சு, இந்தியாவுக்கு வெளிய வந்த முதல் ஐஐடி, டைரக்டரா ப்ரீத்தி அகாலயம், ஐஐடி ஒண்ணுக்கு பொறுப்பேற்ற முதல் பெண். டேட்டா சயின்ஸ், செயற்கை நுண்ணறிவுல பி.எஸ்., எம்.டெக். தொடங்குனாங்க. ஆப்பிரிக்கப் பசங்க இந்தியா வந்து படிக்கறது பழசு, நம்ம காலேஜ் அங்க போனது புதுசு, அங்க படிக்கறவங்களுக்கு பயிற்சி எடுக்க கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனிகளையும் சேர்த்துக்கிட்டா தான் அது முழுமை ஆகும்.

கடைசியா, இங்க இருந்து அங்க வேலைக்குப் போற நம்ம இன்ஜினியர்களுக்கு ஒண்ணு. கென்யா, தான்சானியா மாதிரி நாடுகள்ல வெளிநாட்டு இன்ஜினியரும் அந்த ஊர் போர்டுல தற்காலிகப் பதிவு வாங்கணும், வொர்க் பர்மிட் வந்துட்டா போதும்னு நினைக்காதீங்க. அப்புறம் வாஷிங்டன் அக்கார்டுன்னு ஒரு ஒப்பந்தம், ஒரு நாட்டுல அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் பட்டத்தை இன்னொரு நாடு சமமா பாக்கறதுக்கு. தென்னாப்பிரிக்கா 1999லயே அதுல சேர்ந்துச்சு, இந்தியா 2014ல. ஆனா உங்க காலேஜ்ல உங்க பிராஞ்ச் நீங்க படிச்ச வருஷத்துல என்.பி.ஏ.ங்கற நம்ம நாட்டு அங்கீகார வாரியத்துக்கிட்ட டயர் ஒன் அங்கீகாரம் வாங்கியிருந்தா தான் அது உங்களுக்கு பொருந்தும், காலேஜ் பேர் பெருசா இருக்கறதால மட்டும் பொருந்தாது, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த அங்கீகாரக் கடிதத்துல வருஷத்தைப் பாத்துக்கோங்க.